டெல்டா வீட்டில் ஃபேன் எவ்வளவு கரண்ட் தின்கிறது?

போன சித்திரையில் ஒரு ராத்திரி, கும்பகோணத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டு ரேழியில், மீட்டர் பெட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஃப்ரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. கூடத்து ஃபேன் மட்டும் அஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் நடுவே எத்தனை வினாடி என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. பத்துத் தடவை எண்ணிச் சராசரி எடுத்தாலும் பன்னிரண்டுதான்.

அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே ஒரு எண் அச்சடித்திருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அதாவது 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று பொருள். சில மீட்டர்களில் 1600 இருக்கும், வேறு எண்ணும் இருக்கலாம். பன்னிரண்டு வினாடிக்கு ஒரு மினுக்கு என்றால் மணிக்கு 300 மினுக்கு. 300-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.094 யூனிட். ஆக, கூடத்து ஃபேன் 94 வாட் இழுக்கிறது. வீடு கட்டியபோது அப்பா வாங்கிய ஃபேன் அது. இரண்டு தடவை காயில் கட்டியாகிவிட்டது. அறையில் இருக்கும் பத்து வருஷத்து ஃபேனை அதே மாதிரி எண்ணிப் பார்த்தேன். 15 வினாடி, 75 வாட்.

எதற்காக இதைச் செய்தேன் என்றால், அந்த இரண்டு மாத பில்லில் 530 யூனிட் வந்திருந்தது. வீட்டில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றே: ஏசி. அப்பாவுக்காகப் போன வருஷம் மாட்டிய ஒரு டன் ஏசி ராத்திரியில் மூன்று நாலு மணி நேரம் ஓடுகிறது, அது தின்னத்தான் செய்யும். ஆனால் ஃபேன் பேரை யாருமே எடுக்கவில்லை. ஃபேன் எவ்வளவு தின்றுவிடப் போகிறது என்பதுதான் எல்லோர் நினைப்பும்.

வாட் கணக்கில் பார்த்தால் அந்த நினைப்பு சரிதான். அயர்ன் பாக்ஸ் ஆயிரம் வாட் இழுக்கும். கிணற்று மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால் 750 வாட்டுக்குக் குறையாது. ஃபேன் எழுபத்தைந்து. ஆனால் பில் போடுவது வாட்டுக்கு இல்லையே, வாட்டை நேரத்தால் பெருக்கி வரும் யூனிட்டுக்குத்தானே. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அயர்ன் பாக்ஸ் வாரத்தில் ஒரு மணி நேரம் சூடாகும். மோட்டார் தொட்டி நிரம்பினதும் நின்றுவிடும். கூடத்து ஃபேன் காலையில் காபி குடிக்கும்போது போட்டால் ராத்திரி படுக்கும்வரை நிற்காது. நாளைக்குப் பதினாலு மணி நேரம். 94 வாட்டைப் பதினாலால் பெருக்கி, அறுபது நாளுக்குக் கணக்குப் போட்டால் 79 யூனிட் வருகிறது. ஒரே ஒரு ஃபேனுக்கு.

இரண்டு படுக்கையறையிலும் ராத்திரி ஒன்பது மணி நேரம், கொல்லைப்பக்க அறையில் நாலு மணி நேரம் என்று மற்ற மூன்றையும் சேர்த்தேன். நாலு ஃபேனும் இரண்டு மாதத்தில் தின்றது ஏறக்குறைய 178 யூனிட். 530-இல் மூன்றில் ஒரு பங்கு. ஏசி இல்லாத வீட்டில் இந்தப் பங்கு இன்னும் பெரிதாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் ஃபேன் இவ்வளவு நேரம் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் வெயில் காய்ச்சும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்று மதியத்துக்கு மேல் கொஞ்சம் தணிக்கும், ஆனால் புழுக்கம் விடாது. வேர்வை உலராமல் உடம்பில் அப்படியே நசநசத்துக்கொண்டிருக்கும். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. காற்றை நகர்த்தி வேர்வையை உலர வைக்கிறது, உலரும் வேர்வைதான் நம்மைக் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேனால் அறை துளிகூடக் குளிராது. அது இழுக்கும் 75 வாட்டும் கடைசியில் சூடாக மாறி அந்த அறையிலேயேதான் தங்கும். "கொஞ்ச நேரம் போட்டு வை, ரூம் குளுந்திருக்கும்" என்று ஃபேனை ஓடவிட்டுப் போவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

வீடுகளும் மாறிவிட்டன. முற்றமும் ஓடும் இருந்த வீட்டில் சூடு மேலே ஏறிப் போய்விடும், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். இப்போதைய கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிவரை நம் தலைமேல் இறக்குகிறது. அப்புறம், டெல்டாவுக்கே உரிய இன்னொரு காரணம் கொசு. சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையிலும், பனி பெய்யும் மார்கழியிலும்கூட நம் வீடுகளில் ஃபேன் ஓடும். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஃபேனை மூன்றில் வைத்துத் தூங்குகிறோம், காற்றுக்கு அல்ல, கொசு அண்டாமல் இருக்க. கொசுவலை கட்டிப் படுத்தால் அந்த மாதங்களில் ராத்திரிக்கு அரை யூனிட் மிஞ்சும். இருந்தும் வலை பரணிலேயே கிடக்கிறது, எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, ஃபேன் ஏன் 75 வாட் இழுக்கிறது? தொங்கும் தண்டுக்குக் கீழே, ரெக்கைகளுக்கு நடுவே இருக்கும் உருண்டைக்குள்தான் விஷயம். நடுவில் செம்புக் கம்பி சுற்றிய காயில் நிலையாக நிற்கும். அதைச் சுற்றி இருக்கும் வெளி ஓடு, ரெக்கையோடு சேர்ந்து சுழலும். காயிலில் ஓடும் கரண்ட் ஒரு சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கி, அதனால் வெளி ஓட்டிலும் கரண்ட்டைத் தூண்டி, அந்த இழுப்பில் சுற்றுகிறது. தூண்டல் மோட்டார் என்பது இதுதான். விலை குறைவு, உழைப்பு அதிகம், முப்பது வருஷம் ஓடும். ஆனால் காயிலும் சூடாகும், வெளி ஓடும் சூடாகும். ராத்திரி முழுக்க ஓடிய ஃபேனை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி அந்த உருண்டையைத் தொட்டுப் பாருங்கள், நன்றாகச் சுடும். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கட்டுகிறோம்.

பிஎல்டிசி என்று இப்போது கடையில் விற்கும் ஃபேனில் வெளி ஓட்டில் நிலைக்காந்தம் இருக்கிறது. எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்று ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்கிறது. வெளி ஓட்டில் கரண்ட்டைத் தூண்ட வேண்டிய வேலையே இல்லை. அதே 48 இஞ்ச், கிட்டத்தட்ட அதே காற்று, இழுப்பதோ 28 முதல் 35 வாட். இதை வைத்தே பழைய ஃபேனின் விரயத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். காற்றைத் தள்ளும் வேலைக்கு 30 வாட்டே தாராளம் என்றால், 75 வாட் ஃபேனில் 45 வாட்டாவது வெறும் சூடாகப் போகிறது. அதுவும் புழுங்கும் அறைக்குள்ளேயே.

ஃபேனில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. ஃப்ரிட்ஜ், ஏசிக்கு இருப்பதுபோல சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதை வாட்டால் வகுத்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 48 இஞ்ச் ஃபேன் குறைந்தது 210 கன மீட்டர் தள்ள வேண்டும். 2023-இல் வந்த அளவுகோலில் வாட்டுக்கு 4 கன மீட்டர் என்றால் ஒரு நட்சத்திரம், 6 என்றால் ஐந்து. 210-ஐ வகுத்துப் பார்த்தால் ஒரு நட்சத்திரத்துக்கு 52 வாட்டுக்குக் கொஞ்சம் மேல், ஐந்து நட்சத்திரத்துக்கு 35 வாட். கடையில் ஃபேன் வாங்கும்போது ரெக்கையின் நிறத்தையும் பூவேலைப்பாட்டையும் பார்க்கிற அளவுக்கு இந்த இரண்டு எண்ணையும் பாருங்கள்: வாட் எவ்வளவு, காற்று எவ்வளவு. வாட் மட்டும் குறைந்து காற்றும் குறைந்தால் அதை வாங்கி என்ன பயன்?

ரெகுலேட்டர் விஷயத்தில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஒரே கரண்ட்தான் என்பது ஒரு கட்சி. இல்லை, குறையும் என்பது இன்னொன்று. இரண்டு பேரும் அவரவர் வீட்டு ரெகுலேட்டருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். பழைய பெட்டி ரெகுலேட்டருக்குள் இருப்பது கம்பிச் சுருள். ஃபேனுக்குப் போக வேண்டிய கரண்ட்டை மறித்து, அந்தப் பங்கைச் சூடாக்கிக் கழிக்கும். வேகம் குறையும், யூனிட் பெரிதாகக் குறையாது. திருகும் சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படிச் சூடாக்குவதில்லை. அதில் இரண்டில் வைத்தால் மீட்டர் மினுக்கும் இடைவெளி நன்றாகவே நீளும். பெட்டி ரெகுலேட்டர் இன்னும் சுவரில் இருந்தால், ஃபேனை மாற்றாவிட்டாலும் அதையாவது மாற்றிவிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம் கண்டென்சர். காத்தாடி மெதுவாகச் சுற்றுகிறது, காற்றே வரவில்லை என்றால் முதலில் ஃபேனைக் குறை சொல்லாதீர்கள். மேலே குப்பிக்குள் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் காலப்போக்கில் வலுவிழக்கும். சொற்பக் காசுதான், மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். ரெக்கையில் அறுவடைக் காலத்துத் தூசி அடைஞ்சல் கட்டியிருந்தாலும் காற்று குறையும். இவற்றால் யூனிட் குறையாது, ஆனால் ஐந்தில் ஓட்டிக்கொண்டிருந்ததை மூன்றில் ஓட்டலாம்.

இனி காசுக் கணக்கு. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, இதைப் புரிந்துகொள்ளாமல் "பிஎல்டிசி போட்டால் ரெண்டே வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பக் கூடாது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016 முதல். 2024 ஜூலை கட்டண உயர்வில் நமக்கு வந்த விலை இப்படி: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டினால் அடுத்த நூறுக்கு 8 ரூபாய் 40 காசு. அதோடு போகாது. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரை உள்ள அந்த 2.35 சலுகையும் போய்விடும், அதற்கும் 4.70 கட்ட வேண்டும். சரியாக 500 யூனிட் ஓட்டினால் பில் 1,805 ரூபாய். 501 ஓட்டினால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்.

எங்கள் 530 யூனிட்டுக்கு வந்த பில் 2,292 ரூபாய். கூடத்து 94 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் ஃபேன் மாட்டினால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், இரண்டு மாதத்தில் 54 யூனிட் குறையும். 476 யூனிட். பில் 1,654 ரூபாய். ஒரே ஃபேனில் 638 ரூபாய் மிச்சம். சுமார் மூவாயிரம் ரூபாய் ஃபேன் ஐந்தாவது பில்லில் காசைத் திருப்பிவிடுகிறது. மீட்டர் முன்னால் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டதும் மறுநாளே கும்பகோணம் போய் வாங்கி வந்துவிட்டேன்.

ஆனால் இது 500 என்ற கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டின் கதை. இதே ஃபேன், இதே 54 யூனிட் மிச்சம், மாதம் 150 யூனிட் வாக்கில் ஓட்டும் வீட்டில், அதாவது இரண்டு மாதத்துக்கு 300, தருவது 254 ரூபாய்தான். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓட்டும் வீட்டில் 127 ரூபாய். 100-க்குள் அடங்கும் வீட்டில் ஒன்றுமில்லை. அதே மாதிரி, எங்கள் கொல்லைப்பக்க அறையில் நாலு மணி நேரம் மட்டும் ஓடும் 75 வாட் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்குப் பதினோரு யூனிட்கூட மிஞ்சாது. 6.30 விலையில் 68 ரூபாய். போட்ட காசு வர ஏழு வருஷத்துக்கு மேல். அதை நான் மாற்றவில்லை, மாற்றப் போவதும் இல்லை. அதிக நேரம் ஓடும் ஃபேன் எது என்று பார்த்து அதை மட்டும் முதலில் மாற்றினால் போதும்.

நம் கிராமங்களுக்குக் காசைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது: வோல்டேஜ். வாய்க்காலுக்குக் கடைமடை இருப்பதுபோல மின்கம்பிக்கும் கடைமடை உண்டு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கோடியில் இருக்கும் தெருவுக்கு, குறுவை சமயத்தில் போர் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வருகிறது. தூண்டல் மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230 வோல்ட் 180 ஆனால் இழுவை நூற்றுக்கு அறுபது பங்காகிவிடும். ஃபேன் சோர்ந்து சுற்றும். லோ வோல்டேஜில் ஃபேன் அதிகக் கரண்ட் தின்னும் என்று பலர் சொல்கிறார்கள். ஃபேனுக்கு அது பொருந்தாது, பில் ஏறாது, காற்றுதான் போய்விடும். பிஎல்டிசியில் இருக்கும் போர்டு, வரும் வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் மோட்டாருக்கு ஒரே அளவாகக் கொடுக்கும். பல ஃபேன்கள் 140 வோல்ட்வரை இறங்கினாலும் அதே வேகத்தில் சுற்றும். கடைமடையில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வது யூனிட் மிச்சத்துக்காக அல்ல, தூக்கத்துக்காக.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி. 2011, 2012-இல் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போன காலத்தில்தான் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் இருப்பது 1,800 வாட் மணி. இழப்பெல்லாம் போக 1,350 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பழைய ஃபேன் ஓடினால் ஆறு மணி நேரம். மூன்று பிஎல்டிசி ஓடினால் பதினைந்து மணி நேரம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது சாய்ந்த கம்பங்களை நட்டு முடிக்க வாரக்கணக்கில் ஆனது. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் முதல் ராத்திரியோடு படுத்துவிட்டது. அப்புறம் இருட்டும் கொசுவும்தான். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் எந்த ஃபேனும் காப்பாற்றாது. ஆனால் ஒரு நாள் ஷட்டவுனைத் தாண்டுவதற்கு 30 வாட்டுக்கும் 75 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

பிஎல்டிசியில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது. பழைய ஃபேன் பழுதானால் எங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே காயில் கட்டித் தருவார்கள். பிஎல்டிசி போர்டு போனால் உள்ளூரில் கைவைக்க ஆள் கிடையாது, கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி இடிமழையில் போர்டு போவதை இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். நல்ல எர்த் இருக்கும் வீடாக இருக்க வேண்டும், வாரண்டி அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும், இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது நல்லது. அப்புறம் ரிமோட். எங்கள் பாட்டிக்கு அதன் பொத்தான்கள் பிடிபடவே இல்லை. சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டால் கடைசியாக இருந்த வேகத்திலேயே ஓடும் மாதிரி பார்த்து வாங்கினேன். இப்போது பாட்டி ரிமோட்டைத் தொடுவதே இல்லை. பழைய ஃபேனின் உறுமல் இல்லாததால் முதல் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

இது ஒரு வீட்டுக் கணக்கு மட்டுமல்ல என்பதற்காக ஒரு பெரிய எண்ணையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்று வெயில் எப்படி இருந்தது என்று நமக்கு நினைவிருக்கும். மாநிலத்தில் வீட்டு இணைப்புகள் இரண்டு கோடிக்கும் மேல். ஒரு வீட்டில் ஒரே ஒரு ஃபேன் 45 வாட் குறைவாக இழுத்தால், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் வேளையில் 900 மெகாவாட் மிஞ்சும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய நாலு அலகும் சேர்ந்து முழுத்திறனில் தருவது 840. குறுவைக்காக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறக்கும்போது நமக்கு வரும் தண்ணீர் அணையடியில் சுற்றிவிடும் விசையாழிகள், அணை மின் நிலையத்தில் 50, சுரங்க மின் நிலையத்தில் 200, மொத்தம் 250 மெகாவாட்தான்.

குண்டு பல்பு விஷயத்தில் இதை நாம் செய்து முடித்துவிட்டோம். 2015-இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் மொத்தமாக வாங்கி விலையை இறக்கியதும் எல்இடி பல்பு எல்லா வீட்டுக்கும் வந்தது. இன்று அறுபது வாட் குண்டு பல்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பல்பு சாயங்காலம் ஐந்து மணி நேரம் எரியும், ஃபேன் பதினாலு மணி நேரம் ஓடும். இருந்தும் ஃபேன் அப்படியே தொங்குகிறது. 2023 நவம்பரில், உஜாலாவை நடத்திய அதே இஇஎஸ்எல் நிறுவனம் ஒரு கோடி பிஎல்டிசி ஃபேன் என்று இலக்கு வைத்து ஒரு திட்டத்தை அறிவித்தது. எங்கள் தெருவுக்கு அது இன்னும் எட்டவில்லை.

எட்ட வேண்டிய வீடு எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்ததாக இருக்கும் தொகுப்பு வீடுகளில் ஒன்றில், நடவுக்கும் களை பறிக்கவும் போகும் ஒரு அக்கா இருக்கிறார். நான் மீட்டர் முன்னால் உட்கார்ந்த கதை பரவி, "எங்க ஊட்டுலயும் வந்து பாரு தம்பி" என்று கூப்பிட்டார். ஒரு சீலிங் ஃபேன், 15 வினாடி, 75 வாட். 2011-இல் ஆரம்பித்த திட்டத்தில் ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டரோடு வந்த டேபிள் ஃபேன் ஒன்று, வலையில் ஒரு கம்பி விட்டுப்போய், இன்னும் ஓடுகிறது. அதற்கு 22 வினாடி, 51 வாட்.

தாழ்ந்த கான்கிரீட் கூரை, ஒரே ஜன்னல். சீலிங் ஃபேன் பதினைந்து மணி நேரம், டேபிள் ஃபேன் பத்து மணி நேரம். கணக்குப் போட்டால் இரண்டு மாதத்துக்கு 98 யூனிட். அரசு கொடுக்கும் இலவச நூறு முழுவதையும் இந்த இரண்டு ஃபேனே தின்றுவிடுகிறது. அதற்கு மேல் லைட், டிவி, பிள்ளைகளின் போன். போன பில் 150 யூனிட், 117 ரூபாய் 50 காசு. சீலிங் ஃபேனை மாற்றினால் நாற்பது யூனிட் குறையும், அவருக்கு இரண்டு மாதத்துக்கு 95 ரூபாய் மிஞ்சும். மூவாயிரம் ரூபாய் ஃபேனுக்கு அவர் ஐந்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த நாற்பது யூனிட்டுக்கு 2024 ஜூலையில் விதித்த கட்டணம் யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு, அவர் கட்டுவது 2.35, மீதியைக் கட்டுவது அரசு. அதாவது அவர் ஃபேனை மாற்றினால் மிச்சத்தில் பாதி அரசுக்குப் போகிறது. இலவச நூறுக்குள்ளேயே அடங்கும் வீட்டில் மிச்சம் முழுவதும் அரசுக்குத்தான். அப்படியானால் அந்த ஃபேனை வாங்கிக் கொடுக்க வேண்டியதும் அரசுதானே? டேபிள் ஃபேனை வீடு வீடாகக் கொடுத்த மாநிலம் இது, கொடுக்கத் தெரியாத மாநிலம் அல்ல.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, டேபிள் ஃபேன் இருக்கட்டும், மேலே இருப்பதை மட்டும் மாற்றுங்கள், உங்கள் தெருக்கோடி வோல்டேஜுக்கு ராத்திரி காற்றாவது வரும் என்றேன். விலையைக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஃபேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேட்டூரு தொறக்கட்டும் தம்பி. குறுவ நடவுக் கூலி வந்தாப் பாப்பம்."